தனி அடுப்பு

அத்தியாயம் ஏழு

"யாருன்னு நீங்க கண்டுபிடிக்க வேண்டாம். அது எனக்கே தெரியும். எப்படின்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்றார் சேனாதிபதி.

சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. இரண்டு கம்பளிகளுக்குள் சுருண்டிருந்த உடம்பில் கண்கள் மட்டும்தான் இன்னும் கடைக்காரக் கண்களாக இருந்தன. எதிரே உட்கார்ந்திருப்பவர் நிறை எவ்வளவு என்று பார்த்தவுடன் சொல்லிவிடும் கண்கள்.

திண்டுக்கல்லிலிருந்து மலையேறி வந்திருந்த துப்பறியும் திருமலைச்சாமி தன் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார். போலீஸில் ஏட்டாக இருந்து, மேலதிகாரியோடு ஒத்துவராமல் வெளியே வந்தவர். அவருக்குப் பின்னால் உதவியாளன் ராமர் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றான். கொடைக்கானல் குளிருக்கு அவன் கொண்டுவந்திருந்த ஒரே ஆயுதம் ஒரு மப்ளர்.

"யாருங்க?" என்றார் திருமலைச்சாமி.

"என் பொஞ்சாதி."

கதவு திறந்தே கிடந்தது. கூடத்துக்கு அந்தப் பக்கம் சமையலறை வாசலில் தமயந்தி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயதைக் கடந்த, ஒடிசலான பெண். அவளுக்கு இது கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சேனாதிபதி குரலைத் தாழ்த்தாமல் பேசினார்.

பழனி அடிவாரத்தில் விபூதி, சந்தனம், பஞ்சாமிர்தம் விற்ற குடும்பம் அவருடையது. முதல் மனைவி இறந்த பின் கடையைத் தம்பிக்கு விட்டுவிட்டார். தாய்நாட்டுக்குக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து வில்பட்டி போகிற சாலையில் இந்தப் பங்களாவை வாங்கினார். கன்னிவாடியிலிருந்து தமயந்தியை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு மேலே வந்து ஆறு வருஷம் ஆயிற்று. குழந்தை இல்லை. சுற்றியிருந்த பங்களாக்கள் சீசன் முடிந்ததும் பூட்டப்பட்டுவிடும். ஐப்பசி பிறந்தால் பேரி மரங்களும் மூடுபனியும்தான் அக்கம்பக்கம்.

"என்ன செய்யுதுங்க உங்களுக்கு?"

"சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல வயித்தைப் புடுங்கி எடுக்கும். அப்புறம் வாந்தி. வாயில எந்நேரமும் செப்புக்காசைச் சப்புற மாதிரி ஒரு ருசி. டாக்டரு வயித்துப் புண்ணுன்னு மருந்து கொடுத்தாரு, கேக்கல. சஷ்டிக்குப் பழனி போயி சத்திரத்துல தங்கி இருந்தேன். ஒரு கோளாறும் இல்ல. எலையில போட்டதையெல்லாம் வழிச்சுத் தின்னேன். இங்க வந்த மறுநாளே பழையபடி. இதுல இருந்து உங்களுக்கு என்ன தெரியுது?"

"சத்திரத்துச் சமையக்காரர் நல்லவர்னு தெரியுது" என்றான் ராமர்.

திருமலைச்சாமி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ராமர் மப்ளரை வாய்க்கு மேல் ஏற்றிக்கொண்டான்.

"அம்மா சமைக்கிறதை நிறுத்திப் பாத்தீங்களா?"

"அங்கதான் ஐயா விசயமே இருக்கு." சேனாதிபதி முன்னால் சாய்ந்தார். "அவ கையால ஒரு வாய் தண்ணி குடிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பின்கட்டு அறையில தனி அடுப்பு. அரிசி, பருப்பு, புளி எல்லாம் பழனியில இருந்து தம்பி அனுப்புறான். குழாயில நானே தண்ணி புடிக்கிறேன், நானே பொங்குறேன். அறைக்கு ஒரே கதவு. பூட்டுச் சாவி என் இடுப்புல. அப்படியும் விசத்தை உள்ள கொண்டு வந்து சேத்துர்றா. அது எப்படின்னு தெரியணும். தெரிஞ்சா நாளைக்கே போலீஸ்ல ஒப்படைச்சிருவேன்."

"சந்தேகம் எப்ப வந்துச்சு?"

சேனாதிபதி ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே பனியின் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"சினிமாவுக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு."

"சினிமாவா?"

"கொட்டகையில ஒரு வெள்ளைக்காரப் படம். துரைக்குப் பொஞ்சாதி பாலுல பொடி கலந்து கொடுக்கிறா. வீட்டுக்கு வந்து படுக்கப் போறேன், இவ அதே மாதிரி பாலை எடுத்துக்கிட்டு வாரா. அதே மாதிரி பொடியைப் போட்டு ஆத்துறா. திப்பிலிங்கிறா, இருமலுக்குங்கிறா. ஆறு வருசமா கொடுத்துக்கிட்டுத்தான் இருந்தா. ஆனா அன்னைக்குத்தான் எனக்குக் கண்ணு தெறந்துச்சு. ஜன்னல் வழியா ஊத்திட்டேன்."

"அன்னைக்கு வாந்தி வந்துச்சா?"

"அன்னைக்குக் குடிச்சாத்தானே வர்றதுக்கு? எல்லாம் அதுக்கப்புறம் ஆரம்பிச்சதுதான்."

திருமலைச்சாமி தலையாட்டினார். "உங்க சமையலறையை அப்புறமா பாக்குறேன். இப்ப அந்தக் கொட்டகையைப் பாத்துட்டு வந்துர்றோம்."

"கொட்டகைக்கு எதுக்கு?" என்று சேனாதிபதி கேட்டபோது இருவரும் கூடத்தைத் தாண்டியிருந்தார்கள்.

வெளிவாசலில் வேலைக்காரி குப்பம்மாள் கூடையோடு எதிரே வந்தாள். வில்பட்டியிலிருந்து தினமும் நடந்து வருபவள்.

"போலீசுங்களா?" என்றாள்.

"முக்கால் போலீஸ்" என்றான் ராமர்.

"எதுவா இருந்தாலும் வெரசா முடிச்சு விடுங்க சாமி. இந்த வீட்டுல ஆளு ரெண்டு, அடுப்பு ரெண்டு. அவரு என்கூட மட்டும் பேசுறாரு, அந்தம்மாவும் என்கூட மட்டும் பேசுறாக. இங்க வேலை பாத்து முடிச்சு வீட்டுக்குப் போறதுக்குள்ள ரெண்டு பேரு பேச்சையும் பேசிப் பேசி என் தொண்டை வத்திப்போகுது."

* * *

கொட்டகை ஏரிக்கு மேல்புறம் இருந்தது. சீசன் முடிந்ததால் கதவில் பழைய போஸ்டர்கள் ஈரத்தில் உரிந்து தொங்கின. புரொஜெக்டர் அறையிலேயே குடியிருந்த ஆபரேட்டர் நல்லசாமி படத்தைச் சொன்னதும் உற்சாகமாகிவிட்டார்.

"நல்லா ஞாபகம் இருக்குங்க. நம்ம சனத்துக்கு இங்கிலீசு புரியாதுல்ல? அதனால நான் மெகாபோனை வச்சுக்கிட்டுத் தமிழ்ல கதை சொல்லுவேன். பெரிய பங்களா. வயசான துரை, எளவயசுத் துரைசாணி. துரையோட அக்காவும் கூட இருக்கு. துரைக்குத் திடீர் திடீர்னு வயித்து வலி. துரைசாணி பாலைக் கொண்டாரா. நெழலு மட்டும் சுவத்துல தெரியுது. பொடியைப் போடுறா…"

"இதை நான் மதுரையில பாத்திருக்கேன்" என்றான் ராமர். "ரெண்டு தரம்."

"அப்புறம் எப்படி முடியுது?" என்றார் திருமலைச்சாமி ஆபரேட்டரிடம்.

"துரை செத்துர்றான். துரைசாணி பங்களாவை வித்துட்டுச் சிரிச்சுக்கிட்டே கப்பல் ஏறிர்றா."

ராமர் மப்ளரை அவிழ்த்தேவிட்டான். "என்னய்யா சொல்றீரு? எந்தக் கப்பலு? விசம் வச்சது அக்காக்காரி! கையில வேதப் புத்தகத்தை வச்சுக்கிட்டு மொகத்தைப் பச்சைப்புள்ளையாட்டம் வச்சிருப்பாளே, அவ! துரைசாணி போட்டது மருந்து. கடைசி ரீல்ல துரை பொண்டாட்டி கையைப் புடிச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுவான். நானும் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரன் எந்திரிச்சுப் போயிட்டான்."

நல்லசாமி புரொஜெக்டரைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்து வைத்த புரொஜெக்டர்தான்.

"நல்லசாமி" என்றார் திருமலைச்சாமி மெதுவாக.

"கடைசிப் பெட்டி வரலைங்க. பெருமாள்மலைக்குக் கீழ மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுக்கிருச்சு. இருந்த ரீலை வச்சு ஓட்டுனேன். துரை மயங்கி விழுற எடத்துல ரீலு தீந்துபோச்சு. சனம் எந்திரிக்க மாட்டேங்குது. முடிவு என்ன, முடிவு என்னன்னு ஒரே சத்தம். மொதலாளி என்னைப் பாக்குறாரு. அதான்… நானா முடிச்சு வச்சேன்."

"துரைசாணியைக் கொலைகாரி ஆக்கி."

"அதுவரைக்கும் பாத்ததுல அப்படித்தானுங்க தெரிஞ்சுது."

"அன்னைக்குப் பழனிக்காரர் சேனாதிபதி வந்திருந்தாரா?"

"சம்சாரத்தோட வந்திருந்தாரு. எல்லாரும் கலைஞ்சு போயிட்டாங்க, அவரு மட்டும் வெறுந்திரையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. அந்தம்மா 'வாங்க, குளுருது'ன்னு கையைத் தொட்டாங்க. அவரு கையை உதறிட்டாரு. வெளக்கை அணைக்கணும்னு நான் நின்னுக்கிட்டு இருந்தேன், அதனால பாத்தேன். அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியலை. தன் கையையே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டாங்க."

ஏரியைச் சுற்றித் திரும்பி நடக்கும்போது தண்ணீர் இருக்கிற இடம் தெரியவில்லை. எங்கேயோ ஒரு குதிரையின் குளம்புச் சத்தம் மட்டும் வந்து நின்றது.

"கேஸ் முடிஞ்சுது அண்ணே" என்றான் ராமர். "குற்றவாளி நல்லசாமி. ஆயுதம் மெகாபோன். கெளம்புனா மத்தியான பஸ்ஸைப் புடிச்சிரலாம்."

"சந்தேகம் மெகாபோன்ல வந்துச்சுடா. வாந்தி எதுல வந்துச்சு?"

ராமர் யோசித்தான். "பயத்துல?"

"பயந்தவன் வாய்க்குச் செப்புக்காசு ருசி வராது. அந்தாளு பாலை வெளிய ஊத்துனாரு, அன்னைக்கு ஒண்ணுமில்ல. ஆறு வருசமா குடிச்சாரு, அப்பவும் ஒண்ணுமில்ல. வாந்தி எப்ப ஆரம்பிச்சுது? பொண்டாட்டி சமையலை விட்ட பிறகு. அவரு சொல்றதை நாம தலைகீழாக் கேட்டிருக்கணும்."

* * *

சேனாதிபதி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். கூட வர முயன்று, இரண்டு எட்டு வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

பின்கட்டு அறை துரை காலத்தில் குதிரைச் சேணங்கள் வைத்திருந்த இடம். கம்பி போட்ட ஒரு ஜன்னல். அதற்கு நேர் எதிரே முற்றத்தில் துவைக்கிற கல். அறைக்குள் செங்கல் அடுக்கிய அடுப்பு, தைல மர விறகு, வாயைத் துணியால் கட்டிய டப்பாக்கள். ஒரே ஒரு தட்டு, ஒரு டம்ளர். தரையில் ஒரு பலகை. அந்தப் பலகைக்கு எதிரே சுவர்தான். ஒரு மாதமாக அந்த மனிதர் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ராமர் ஜன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். டப்பாக்களை முகர்ந்தான்.

"எலி வர்றதுக்குக்கூட ஓட்டை இல்ல அண்ணே. அந்தம்மா விசம் வைக்கணும்னா புகையா மாறித்தான் உள்ள வரணும்."

அடுப்பின் மேல் பெரிய பித்தளைக் குண்டா ஒன்று தட்டு மூடி இருந்தது. காலையில் காப்பி மட்டும் குடித்திருந்த ராமர் தட்டைத் தூக்கினான். பூண்டுப் புளிக்குழம்பு. எண்ணெய் மிதந்து நன்றாகச் சுண்டியிருந்தது.

"நேத்து வச்சது போல. மனுசன் நல்லாத்தான் சமைக்கிறாரு." கரண்டியால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விடப் போனான்.

திருமலைச்சாமி அவன் கையை ஓங்கித் தட்டினார். கரண்டி பறந்து சுவரில் அடித்து விழுந்தது.

"ஏலே, வாயில வச்சிராத!"

ராமர் பயந்துபோய் நின்றான். "விசமா?"

திருமலைச்சாமி குண்டாவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சரித்தார். குழம்பு ஒதுங்கிய இடத்தில் பாத்திரத்தின் உட்புறம் தெரிந்தது. வெள்ளி போல இருக்க வேண்டிய உட்புறம் மஞ்சளாக இருந்தது. விளிம்பைச் சுற்றி, குழம்பு நின்று காய்ந்த வட்டத்தில், பச்சையாக ஒரு கோடு.

"உள்ள பூசுன ஈயம் போயிருச்சுடா. ஒரு பொட்டுகூட இல்ல. ஈயம் பூசாத பித்தளையில புளியை ஊத்தி, ராத்திரி பூரா வச்சிருந்து, மறுநாளும் அதையே சுட வச்சுத் தின்னா என்ன ஆகும்? பித்தளையில இருக்கிற செம்பு புளியில கரைஞ்சு விசமாயிரும். களிம்பு. செப்புக்காசு ருசின்னாருல்ல? காசு எங்கயும் இல்ல, இந்தக் கொழம்புலதான் கரைஞ்சு கெடக்கு. பழனியில சத்திரத்துல எலையில சாப்பிட்டாரு, நல்லா இருந்தாரு. இங்க வந்து இந்தக் குண்டாவைத் தொட்டாரு, படுத்துட்டாரு."

"அப்ப விசம் வச்சது…"

"அவரேதான். தெனமும். உள்ள இருந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு."

ராமருக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணே, இந்தக் கதையை நல்லசாமிகிட்டக் கொடுத்தா மெகாபோனை முழுங்கிருவாரு. உங்களுக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

"என் வீட்டுக்காரி போனதுக்கப்புறம் எனக்கு யாரு சமைக்கிறா? நானும் ஒரு தரம் தின்னு படுத்திருக்கேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து சட்டியைப் பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாங்க. சமைச்சுப் பழகுன எந்தப் பொம்பளைக்கும் இது…"

வாக்கியம் பாதியில் நின்றது.

திருமலைச்சாமி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். முற்றத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தமயந்தி நின்றிருந்தாள். ஈரத் துணி கையில் இருந்தது. அவள் பார்வை அவர்கள் மேல் இல்லை. வெளிச்சத்தில் சரித்துப் பிடித்திருந்த குண்டாவின் மேல் இருந்தது.

ராமரின் சிரிப்பு அணைந்துவிட்டது.

* * *

"தெரியுங்க" என்றாள் தமயந்தி, அவர் கேட்பதற்கு முன்பே.

கல்லின் மேல் துணியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"அந்தக் குண்டா மூத்தவுக வச்சிருந்தது. பழனியில இருந்து கொண்டாந்ததுல இருந்து பரண்ல கெடந்துச்சு. எங்க வீட்டுக்காரவுக எறக்கிக் கழுவும்போதே பாத்தேன். இந்தச் சன்னல்ல நின்னு சொன்னேன், 'அதுல ஈயம் இல்ல, புளி ஊத்தாதீக'ன்னு. 'அப்ப எந்தச் சட்டியில நீ தடவி வச்சிருக்கே'ன்னு கேட்டாக."

"அப்புறம்?"

"நல்ல பாத்திரமா ஒண்ணைத் தேச்சுக் கொண்டாந்து கதவு முன்னால வச்சேன். தூக்கிப் பள்ளத்துல எறிஞ்சாக. அந்தா, பேரி மரத்துக்குக் கீழ இன்னும் கெடக்கு."

ராமர் எட்டிப் பார்த்தான். சரிவில், நனைந்த புல்லுக்கு நடுவே, ஏதோ ஒன்று மங்கலாகப் பளபளத்தது.

"அதுக்கப்புறம் சொன்னீங்களாம்மா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"சொன்னா அந்தக் குண்டாவைத்தான் இன்னும் இறுக்கிப் புடிச்சுக்குவாகன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "இல்லைங்கய்யா. அது நான் எனக்குச் சொல்லிக்கிட்ட சாக்கு. குப்பம்மாகிட்டச் சொல்லிவிட்டிருக்கலாம். டாக்டருகிட்டச் சொல்லியிருக்கலாம். பழனிக்குக் கடுதாசி போட்டிருக்கலாம். ஒண்ணும் செய்யல."

மூடுபனி முற்றத்துக்குள் இறங்கி வந்தது. அவள் குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"கூப்பிடுவாகன்னு இருந்தேன். எனக்கு என்னமோ ஆகுது, வந்து பாருன்னு ஒரு வார்த்தை. அது போதும். ஓடிப் போயிருப்பேன். வாந்தி எடுத்துச் சுருண்டு கெடக்கும்போதுகூட 'குப்பம்மா, குப்பம்மா'ன்னுதான் கூப்பிட்டாக. குப்பம்மா வில்பட்டிக்குப் போயிருப்பா. நான் அடுத்த அறையில நிப்பேன். அது தெரிஞ்சேதான் அவ பேரைக் கூப்பிடுவாக. இந்த மலையில நான் பேசுறதுக்கு இருந்த ஒரே ஆளு அவுகதான். சினிமாவுக்குப் போன அன்னையோட அதுவும் போச்சு. என்ன தப்பு செஞ்சேன்னுகூட எனக்குத் தெரியாது."

"உங்க வீட்டுக்காரர் செத்துப் போயிருந்தா?"

"அதையும் ஒரு நாளு நெனச்சுப் பாத்தேன். நெனச்சுப் பாத்துட்டுப் போயி சோறு போட்டுத் தின்னேன். கையைக் கழுவும்போதுதான் என்ன நெனச்சேன்னு ஒறைச்சுது." முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள். "என்னைப் போலீஸ்ல சொல்றதுன்னா சொல்லுங்க. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

திருமலைச்சாமி எத்தனையோ குற்றவாளிகளைப் பார்த்தவர். யாரும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொண்டதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் நின்றதும் அவருக்கு இதுதான் முதல் தடவை.

* * *

குண்டாவைக் கொண்டுவந்து சேனாதிபதியின் முன்னால் வைத்தார்கள். திருமலைச்சாமி சுருக்கமாகச் சொன்னார். வராத கடைசிப் பெட்டியை, நல்லசாமி கட்டிவிட்ட முடிவை, ஈயத்தை, களிம்பை. சேனாதிபதி விரலால் குண்டாவின் பச்சைக் கோட்டைத் தடவிப் பார்த்தார். பார்த்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்தார். மறுபடி மறுபடி துடைத்தார்.

பிறகு, அந்தக் கடைக்காரக் கண்கள் நிமிர்ந்தன.

"இது பொம்பளைங்களுக்குத் தெரிஞ்ச விசயம்தானே?"

திருமலைச்சாமி வாசல் பக்கம் பார்த்தார்.

"அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? அதைச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியும்" என்றாள் தமயந்தி வாசலிலிருந்து. "மொத நாளு உங்ககிட்டச் சொன்னேன். அதுக்கப்புறம் சொல்லல. தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

சேனாதிபதி குண்டாவைத் தள்ளி வைத்தார்.

"ஏன்டி சொல்லல?"

"நீங்க கூப்பிடல."

ஒரு மாதத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அவ்வளவுதான். சேனாதிபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வயிறு பிடித்துக்கொண்டது. குனிந்தார். ராமர்தான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, சந்தேகம், கோபம் எல்லாத்தையும் அப்புறம் வச்சுக்கலாம்" என்றார் திருமலைச்சாமி. "ஒடம்புல ஏறுன களிம்பை எறக்கணும். திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலையில வெள்ளனே கெளம்பணும்."

"போலீஸ்?" என்றார் சேனாதிபதி மூச்சிரைக்க.

"என்னன்னு எழுதிக் கொடுப்பீங்க? என்னைக் காப்பாத்தலைன்னா? உங்களைக் காப்பாத்த வந்த பாத்திரம் பள்ளத்துல கெடக்கு. அதையும் சேத்து எழுதணும்."

சேனாதிபதி கண்களை மூடிக்கொண்டார். தமயந்தி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. அவருடைய துணிகளை ஒரு பையில் வைத்தாள். தன்னுடையதை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்தாள். அது ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிற அளவைவிடப் பெரிய பெட்டியாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

* * *

காலை பஸ்ஸில் கூட்டம் இல்லை. சேனாதிபதியும் தமயந்தியும் ஒரே சீட்டில், நடுவில் பையை வைத்து உட்கார்ந்தார்கள். திருமலைச்சாமியும் ராமரும் பின் சீட்டில்.

பெருமாள்மலை தாண்டி வளைவுகள் தொடங்கியதும் சேனாதிபதிக்குப் புரட்டிக்கொண்டு வந்தது. கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் ஓரமாக நின்றது. கீழே இறங்கி அவர் குனிந்தபோது, ஒரு கை வந்து அவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டது. தமயந்தி வேறெங்கோ பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நெற்றியை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

அவர் நிமிர்ந்ததும் கூஜாவைத் திறந்தாள். முதலில் தான் ஒரு வாய் குடித்துக் காட்டலாம் என்று தன் உதட்டருகே கொண்டுபோனாள். சேனாதிபதி சட்டென்று அவள் கையிலிருந்து கூஜாவைப் பறித்து, அண்ணாந்து, மடமடவென்று குடித்தார். தண்ணீர் தாடையில் வழிந்து கம்பளியை நனைத்தது.

ராமர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சரியாப் போயிரும் அண்ணே" என்று முணுமுணுத்தான்.

வத்தலக்குண்டில் வெயில் அடித்தது. திண்டுக்கல் பஸ் மாற வேண்டும். ராமர் பையை எடுத்து வைத்துத் திரும்பியபோது தமயந்தி தன் டிரங்குப் பெட்டியோடு தனியாக நின்றிருந்தாள்.

"ஆஸ்பத்திரி வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் கூடப் போங்கய்யா. நான் கன்னிவாடிக்குப் போறேன்."

சேனாதிபதிக்கு அது புரிய நேரமாயிற்று. "எத்தனை நாளைக்கு?"

"தெரியலைங்க." அவர் தோளில் சரிந்திருந்த கம்பளியை இழுத்துவிட்டாள். இந்த வெயிலுக்கு அது தேவையில்லை என்று நினைத்தவள்போல் அதை எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்தாள். "ஒங்களைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு. கோவமும் இருக்கு. ரெண்டையும் வச்சுக்கிட்டு அந்த வீட்டுல என்னால இருக்க முடியாது. காரம் சேக்காதீக. புளியைத் தொடாதீக."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"கூப்பிடுங்க" என்றான் ராமர் அவசரமாக. "ஐயா, கூப்பிடுங்க!"

"தமயந்தி!" என்றார் சேனாதிபதி.

ஒரு மாத வாந்தியில் குரல் தேய்ந்து போயிருந்தது. நின்றிருந்த பஸ்ஸின் ஹார்னைத் தாண்டி அது போகவில்லை. அவள் திரும்பவில்லை. கேட்டும் திரும்பவில்லையா, கேட்கவே இல்லையா என்று சொல்வதற்கு யாராலும் முடியாது. கொய்யாப்பழக் கூடைகளுக்கு நடுவே அவள் சேலையின் நீலம் கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

திண்டுக்கல் பஸ்ஸில் சேனாதிபதி ஜன்னலோரம் உட்கார்ந்தார். துணைக்குப் பக்கத்தில் உட்காரலாம் என்று திருமலைச்சாமி வந்தார். சேனாதிபதி தோளிலிருந்த துண்டை எடுத்துப் பக்கத்து இடத்தில் விரித்துப் போட்டார்.

"ஆள் வருது" என்றார்.

திருமலைச்சாமி பின் சீட்டுக்குப் போனார். பஸ் புறப்பட்டது. ஊரைத் தாண்டி, புளியமரச் சாலையில் வேகமெடுத்தது. நின்றுகொண்டிருந்த ஒருவர் காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்து முணுமுணுத்தார். கண்டக்டர் வந்து துண்டைப் பார்த்தார்.

"யாருங்க பெரியவரே வருது? வண்டி எடுத்து எவ்வளவு நேரமாச்சு."

சேனாதிபதி ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. கண்டக்டர் துண்டை எடுக்கக் கையை நீட்டினார்.

பின் சீட்டிலிருந்து ராமர் எழுந்தான்.

"எடுக்காதீங்க அண்ணே. அதுக்கும் ஒரு டிக்கெட்டுக் கிழிங்க. அந்தம்மா கன்னிவாடியில ஏறுவாங்க."

அந்த பஸ் கன்னிவாடி வழியாகப் போவதில்லை. கண்டக்டருக்கு அது தெரியும். ராமருக்கும் தெரியும். அவர் ராமரின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.